ஹட்சன் துரையின் மனைவி

நாலு மணிக்குக் கப்பல். உட்கார நேரமில்லாமல் பினாங்கு சூலியா தெருச் சாயாக்கடையில் நின்றபடியே சாயா குடிக்கிறேன். மூன்று நாளாக நான்சியைத் தேடுகிறேன். நூறு வருஷத்துக்கு முன்பு இங்கே மிளகு வாங்கிய ஹட்சன் துரை, சீமையில் எழுதிய உயிலில் மனைவி என்று குறிப்பிட்டது அவளைத்தான். வம்சாவளி எழுதுவதற்காக அவருடைய குடும்பத்தார் என்னை மதராஸிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். சர்ச் பதிவேட்டிலும் இல்லை, வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்திலும் இல்லை.

அலுத்துப்போய்க் கடைக்காரரிடம் புலம்புகிறேன். சாயா ஆற்றிய கை அப்படியே நிற்கிறது.

"நான்சி இல்லண்ணே, நாச்சி. எங்க வாப்பாவோட பூட்டி. பள்ளிவாசல் மையவாடியில அடங்கியிருக்காங்க."

துறைமுகத்தில் சங்கு ஊதுகிறது. அவசரமாகப் பென்சிலைத் துழாவுகிறேன். அவர் என் முகத்தையே பார்க்கிறார்.

"மிளகை இறக்கிட்டுத் திரும்பி வர்றேன்னு போனவரு. என்னண்ணே சொல்லி அனுப்புனாரு?"