மிச்ச வார்னிஷ்

ஆஸ்டின் டவுனில் நோயலைப் பிடித்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். பழைய கிட்டார் எந்த வருஷத்தது, அசலா போலியா, என்ன விலை பெறும் என்று சேகரிப்பாளர்களுக்குச் சொல்லிச் சான்றுச் சீட்டு எழுதித் தருவது அவர் தொழில். தாத்தா வாசித்தது என்று கண் கலங்கக் கொண்டுவருகிறவரிடம், "இது தொண்ணூறுல பண்ணது. உங்க தாத்தா அப்பவே பொட்டிக்குள்ள போயிட்டாரு" என்பார். வாய் அப்படி. ஆனால் அவர் வார்த்தையை மட்டும் யாரும் சந்தேகித்ததில்லை. அவருக்கிருந்த ஒரே சொத்தும் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை வாசலில் வந்து நின்றவள் ஐரின், செத்துப்போன அண்ணன் க்ளென்னின் மனைவி. வீட்டுப் பங்குச் சண்டைக்குப் பிறகு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. கோயிலில்கூட ஆளுக்கொரு பக்கம். கூடவே கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அருண்குமார். ஐ.டி. கம்பெனிக்காரன், பழைய கிட்டார் என்றால் உயிர்.

"நீங்க ஓகே சொன்னா இன்னிக்கே வாங்கிக்கிறேன், அங்கிள்."

பெட்டியைத் திறந்ததும் நோயலுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அப்பாவின் அமெரிக்கக் கிட்டார்.

பல் டாக்டர்கள் வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியைக் கிட்டாரின் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். முத்திரை, எண், உள்சட்டங்கள் எல்லாம் 1938-இன் அசல். பிறகு பூச்சின் வயசைக் காட்டும் ஊதா டார்ச்சை அடித்தார். பழைய பூச்சு பச்சையாக மினுங்க வேண்டும். இது செத்த மீன் கண்ணாகக் கிடந்தது. டார்ச் அடிக்காமலே அவருக்குத் தெரியும். பத்தொன்பது வயதில், கிறிஸ்துமஸுக்கு நாற்காலிகளுக்கு அடித்த வார்னிஷ் டப்பாவில் மிச்சமிருந்தது. கேரல் பாடப் போகும்போது பளபளக்கட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இதற்கும் பூசியவர் அவரேதான். அப்பா பெல்ட்டை உருவியபோது நோயல் அண்ணனைக் கைகாட்டினார். க்ளென் வாய் திறக்காமல் அடி வாங்கிக்கொண்டான்.

அசல் பூச்சு போனால் பாதி விலை போச்சு. அருண்குமாருக்கு அது தெரியாது. "சரி" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் நாளைக்கே வேறு எவனாவது டார்ச் அடித்தால் முப்பது வருஷப் பெயர் நாறிவிடும்.

"பூச்சு ஒரிஜினல் இல்ல. யாரோ சொரண்டி வார்னிஷ் அடிச்சிருக்கான்."

"யாரோன்னா யாரு?" என்றாள் ஐரின்.

"எவனோ மடையன்."

"மடையனுக்குப் பேரு இல்லியா? க்ளென்னா?"

அருண்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சொல்லு நோயல். உன் வார்த்தைக்குத்தானே ஊரே காசு குடுக்குது."

பாவி, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள். அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. பொய் சொன்னால் இங்கேயே கிழித்துத் தொங்கப்போட்டுவிடுவாள்.

"நான்தான்," என்றார்.

"அங்கிள், நீங்களா?" அருண்குமாரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பாதி வெல போச்சு, தெரியும்ல அண்ணி?" என்று நோயல் சீறினார்.

"போகட்டும். முதுகுல பெல்ட் பக்கிள் தழும்போடத்தான் அந்த மனுஷன பொதைச்சேன். சாகற வரைக்கும் உன்னக் காட்டிக்குடுக்கல, என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. உன் வாயால கேக்கணும்னுதான் வந்தேன்."

பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினாள். அருண்குமாரும் பின்னாலேயே போனான். படி இறங்குவதற்குள் பாதி விலைக்குப் பேசி முடித்துவிட்டார்கள். நோயல் எழுதித் தரும் சான்றுச் சீட்டை இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.