வெளித் தாழ்ப்பாள்

பூட்டுக்காரர் தன் அக்காவிடம் மூவாயிரம் கடன் வாங்கியிருந்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கதை. சாவி வெட்டும் மெஷினுக்காக அக்கா தன் வளையல்களை விற்றுக் கொடுத்தாள். பதினோரே மாதத்தில் அத்தனையையும் அவள் கையில் எண்ணி வைத்துவிட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்தான். ஆனால் லாக்கர் திறக்காமல் முழித்த வங்கி மேனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது வேறு யாரை? அவரைத்தான்.

கடனை அடைத்த கதையில் என்ன கெத்து இருக்கிறது? அதனால் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் நாலு பேர் நடுவே நெஞ்சை நிமிர்த்தி, "எங்க அக்காவுக்கு நான் இன்னைக்கும் கடன்காரன்யா!" என்பார். கேட்பவர்கள் உருகிப்போவார்கள். அடைத்துவிட்டதை ஒரு நாளும் சொன்னதில்லை.

மனைவி போய்ச் சேர்ந்த வருஷம் அக்கா மகன் தேடி வந்தான். "தனியாக் கிடந்து என்ன பண்ணப்போறீங்க மாமா? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" கடையும் வீடும் விலை போயின. அக்காவும் அவனும் குடியிருந்த வீட்டு மாடியில் அவருக்கென்று ஓர் அறை கட்டும்வரை பணம் மருமகனின் கணக்கில் இருக்கட்டும் என்று பேச்சு.

வந்திறங்கிய அன்றே வீட்டுப் பூட்டுகளை எல்லாம் ஒரு சுற்று பார்த்தார். "வாசல் பூட்டு சொத்தைம்மா. ஒரு ஹேர்பின் போதும் எனக்கு."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டீங்களா மாமா?" என்று சிரித்தாள் மருமகனின் மனைவி.

கடைசியாகத் தனக்கு ஒதுக்கிய அறைக்கு வந்தார். கதவின் உள்பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள். அவற்றை அடைத்திருந்த மக்குப் பசை இன்னும் காயவில்லை. விரல் வைத்ததும் ஒட்டியது. வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது.

"உள்ள தலை சுத்தி விழுந்துட்டீங்கன்னா கதவை உடைக்கணுமே" என்றான் மருமகன்.

"சரி. வெளிய எதுக்கு?"

"காத்துல அடிச்சுக்குது மாமா."

அறையில் ஜன்னல் ஒன்றுதான். அதுவும் திறக்கவில்லை.

இரண்டாவது வாரம் அவருடைய போன் ரிப்பேருக்குப் போனது, வரவில்லை. கருவிப் பெட்டி பரணுக்கு ஏறியது. பழைய பக்கத்துக் கடைக்காரர் பார்க்க வந்தபோது, "மாமா தூங்குறாரே" என்ற மருமகன் மனைவியின் குரல் கூடத்தில் கேட்டது. பூட்டுக்காரர் எழுந்து கதவைத் தள்ளினார். அசையவில்லை. அன்று காற்றே இல்லை.

சந்தையோரம் சாவி வெட்ட ஒரு சின்ன இடம் வாடகைக்கு இருந்தது. அதைப் பிடித்தால் தன் காலில் நிற்கலாம். மருமகனிடம் மூன்று முறை பணம் கேட்டார்.

மூன்றாம் முறை அவன் குரலை உயர்த்தவே இல்லை. "எந்தப் பணம் மாமா? அம்மாவோட மூவாயிரத்துக்கு நாப்பது வருஷ வட்டி என்ன ஆச்சுன்னு பாத்தீங்களா? கடன்காரன்னு நீங்களேதான ஊரறியச் சொன்னீங்க?"

"அடைச்சாச்சுடா! உங்கம்மாவையே கேளு!"

விறுவிறுவென்று அக்காவின் அறைக்குப் போனார். "அக்கா, உன் கையில எண்ணி வெச்சேனே. நாலு தடவை சரிபாத்து வாங்குனியே, சொல்லு!"

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற மகனைப் பார்த்தாள். "ஞாபகம் இல்லடா."

"பொய் சொல்ற."

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகே சொன்னாள்: "பேசாம இரு. பேசுனா சாப்பாடு லேட்டா வரும்."

அப்போதுதான் அக்காவின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அதிலும் வெளியேதான் தாழ்ப்பாள். ஆனால் பழசு. எத்தனையோ வருஷம் போட்டுப் போட்டு, கொண்டி உரசிய இடத்தில் மரமே பள்ளமாகியிருந்தது. ஊர்ப் பூட்டுகளையெல்லாம் படித்த கண், வருஷத்துக்கு இரண்டு முறை வந்துபோன இந்த வீட்டில், வந்திறங்கிய அன்று சுற்றிப் பார்த்தபோதுகூட, இதைப் படிக்காமல் விட்டிருக்கிறது.

மாதம் பிறந்தது. காலையில் மருமகன் கூடத்தில் பர்ஸைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். "கைச்செலவுக்கு மாமா. கையை நீட்டுங்க."

அக்காவைத் தவிர யாரிடமும் கை நீட்டாத மனுஷன். அந்த ஒரு கடனைச் சொல்லிச் சொல்லியே வாழ்ந்தவர். திரும்பி அக்காவைப் பார்த்தார். சொல்லாமலே அவள் கை விரிந்து காத்திருந்தது.

பூட்டுக்காரரும் கையை விரித்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று நிதானமாக எண்ணி வைத்தான் மருமகன்.