நிறைந்து தெரியும் அலமாரி

சோப்புத்தூள் பாக்கெட்டை எடுத்த வாடிக்கையாளர் இரண்டடி நகர்வதற்குள் அக்காவின் கை தட்டுக்குள் போய்விடுகிறது. பின்னால் நிற்பதை முன்விளிம்புக்கு இழுத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுகிறார். வரிசை மறுபடி நேராகிவிடுகிறது. நாற்று நடக் கயிறு கட்டுகிறவர்கள்கூட இவ்வளவு நேராகக் கட்டி நான் பார்த்ததில்லை.

கடையில் அவர் பெயர் ‘முன்வரிசை அக்கா’. சரக்கு வண்டி வந்ததும் பெட்டிகளைப் பிரித்து அலமாரிகளை நிரப்புவது வேலை. பழையது முன்னால், புதியது பின்னால் என்பது கடையின் சட்டம். சரக்கே இல்லாத நாளிலும் இருப்பதை முன்னுக்கு இழுத்து நிறைவாகக் காட்டுவது மட்டும் அக்காவின் சொந்தச் சட்டம். “ஆளு பாதி ஆடை பாதிம்பாங்க. அலமாரிக்கு முழுசும் ஆடைதான் தம்பி” என்பார் என்னிடம். நான் அங்கே கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் வம்சத்தில் முதல் பட்டதாரி நான் என்று கடை முழுக்கச் சொல்லி வைத்திருப்பவரும் அவர்தான். நானும் மறுப்பதில்லை.

கடைக்கு வெளியிலும் அந்தக் கை சும்மா இருக்காது. பஸ் வரிசையில் நின்றால், “கொஞ்சம் முன்னாடி போங்க, நடுவுல சந்து விழுது” என்று முன்பின் தெரியாதவர்களை நகர்த்துவார். அவர் வீட்டுச் சமையலறையிலும் எல்லா டப்பாவும் விளிம்பில்தான் நிற்குமாம். “எல்லாம் எட்டிப் பாக்குது, பின்னாடி கையை விட்டா காத்துதான் வருது” என்று கணவர் குத்திக்காட்டுவதை அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காற்று ஒருநாள் கடையிலும் வந்தது. சூப்பர்வைசர் காலையில் ஒரு நடை நடந்து, கண்ணால் பார்த்தே ஆர்டர் போடுகிறவர். பசும்பால் ஒத்துக்கொள்ளாத கைக்குழந்தைகளுக்கான பவுடர் டப்பா ஒன்று உண்டு. அதில் முன்வரிசை மட்டுமே மிஞ்சியிருந்தது. அக்காவின் கைவண்ணத்தில் தட்டு நிறைந்து தெரிந்ததால், சூப்பர்வைசர் தினமும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். கடைசி டப்பாவும் விற்றுப்போன மறுநாள் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் வந்து, காலித் தட்டின் முன்னால் நின்றார்.

“வீட்ல இருக்கிறது இன்னைக்கு ராத்திரிக்குத்தான் காணும்க்கா. வேற எதைக் குடுத்தாலும் பாப்பா கக்கிடுது.”

சூப்பர்வைசர் தட்டைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“நீங்க அடுக்குற அழகுல நானே ஏமாந்துட்டேன்க்கா.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. எங்கள் இன்னொரு கிளைக்குப் போன் போட்டார். அங்கே இருந்தது, ஆனால் வண்டி நாளை மறுநாள்தான் வரும் என்றார்கள். சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே, கடைச் சீருடையோடு பஸ் ஏறினார். திரும்பி வரும்போது இரண்டு டப்பாக்களை மார்போடு அணைத்திருந்தார். வாசல்படியில் காத்திருந்தவர் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

பின்னால் சரக்கில்லை என்றால் முன்னால் இழுக்காதீர்கள், சந்து சந்தாகவே தெரியட்டும் என்று மறுநாள் சூப்பர்வைசரிடமிருந்து உத்தரவாயிற்று. அக்கா மதியம்வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. “பல்லு விழுந்த வாய் மாதிரி இளிக்குது சார். எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?” என்று போய் நின்றார். பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நிற்பவற்றை அக்கா இழுத்துக்கொள்ளலாம். ஆனால் பின்னால் காலியானதும் முன்னால் ஒரு டப்பாவைப் படுக்க வைத்துவிட வேண்டும். படுத்திருந்தால் ஆர்டர்.

நேற்று அந்தப் பவுடரில் மறுபடி முன்வரிசை மட்டுமே மிஞ்சியது. அக்கா அதில் ஒரு டப்பாவைக் கையில் எடுத்தார். இடமும் வலமும் விறைப்பாக நின்ற மற்ற வரிசைகளைப் பார்த்தார். பெரிய மனது பண்ணிப் படுக்க வைத்தார். அது உருண்டது. அட்டைத் துண்டொன்றை மடித்து அண்டை கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

நாலடி போனவர் நின்றார். திரும்பி வந்து, படுத்திருந்த டப்பாவை மெல்ல உருட்டி, அதன் பெயர் வருகிறவர்களின் கண்ணுக்கு நேராக வரும்படி வைத்தார்.