மகளுக்குக் கிடைக்காத கோட்டை

1986 ஆவணி, சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு டென்மார்க்கின் இக்காஸ்டிலிருந்து ஒரு பழைய கோட்டையைப் பார்க்க மருமகனின் காரில் வெளிக்கிட்டோம். நான், மகள் மலர், மருமகன். விபோர்க் தாண்டி வடக்கே, எல்லாமாக எழுபது கிலோமீற்றர். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். கண்டதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டை விற்றுவிடுவோமா என்று மலர் முதல்நாள் கேட்டிருந்தாள். வீட்டு உறுதிப் பத்திரம் என் பெட்டிக்குள் இருக்கிறது. அதை நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆளுக்கு இருபது குறோணர் ரிக்கற். கோட்டை என்றால் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் கோட்டைதான் எனக்குத் தெரியும். இது வேறை. சுற்றிவர அகழி, நடுவே சிவப்புக் கல்லு வீடு, அகழித் தண்ணீரில் தலைகீழாகவும் நிற்கிறது. சுவரைக் கையால் அளந்து பார்த்தேன், மூன்று முழம். மேல்மாடி யன்னலில் திரைச்சீலை ஆடியது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம்தான் இன்னும் குடியிருக்கிறதாம்.

உள்ளே பெரிய மண்டபம் நிறையப் பதினொரு தலைமுறையின் படங்கள். வீட்டுக்கார அம்மா தானே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினா. என் வயசு இருக்கும். நான் படத்திலுள்ள பெண்களாகப் பார்த்து, வீடு கொடுத்தது இந்த மகளுக்கோ, அந்த மகளுக்கோ என்று கேட்டுக்கொண்டே போனேன். மலர் டேனிஷில் சொல்ல, அந்த அம்மா முதலில் விளங்காமல் நின்றா. ஒரு மகளுக்கும் இல்லையாம், மூத்த மகனுக்குத்தானாம். தன் மூன்று பெட்டையளும் இங்கே விருந்துக்குத்தான் வருவார்களாம்.

"மாமி, நான் இஞ்சை பிறந்திருந்தால் வெறுங்கையோடதான் கலியாணம் கட்டியிருப்பன்," என்றார் மருமகன்.

"எங்கட பக்கத்தில கலியாணத்துக்கு முதலே வீட்டை மகளுக்குச் சீதனமா எழுதிப்போடுவம் எண்டு சொல்லு, பிள்ளை."

மலர் சொன்னாள். அந்த அம்மா அவளைப் பார்த்து ஏதோ கேட்டா. மலர் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"அப்ப அந்த வீடு என்ரையோ எண்டு கேக்கிறா, அம்மா."

அவ்வளவு படங்களும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

"ஓம் எண்டு சொல்லு."

அகழிப் பாலம் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அப்படியொரு வீட்டை நான் முன்னும் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை. எங்களுடையது நாலு அறையும் ஒரு கிணறும்.

இக்காஸ்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து உறுதியை மலரின் கையில் கொடுத்தேன். விற்கிறதோ வைக்கிறதோ அவள் சொல்லட்டும். தன் பெயர் இருந்த வரியை எனக்கு வாசித்துக் காட்ட வந்தாள். தேவையில்லை என்றேன். அதை எழுதச் சொன்னவளே நான்தான்.