உங்களோடு வராத ஒருவர்

லண்டன் இல்ஃபோர்டில் ஒரு ட்ராவல் ஏஜென்சி. சென்னையிலிருந்து சில நாள் விருந்தாளியாக வந்திருக்கும் நான், நண்பர் யோகனோடும் அவரோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் நான்கு யாழ்ப்பாணத்தாரோடும் நிற்கிறேன். அமெரிக்கப் பாலைவனத்தின் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் ஐவரும் கோவேறு கழுதைமேல் இறங்கப் போகிறார்கள். யோசனை யோகனுடையது. அதற்கென்றே வாங்கிய அகலத் தொப்பியை இந்த மழையிலும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

மேசைக்கு அந்தப் பக்கமிருக்கும் வெள்ளைக்காரப் பெண் கேட்கிறாள்: "ஏதாவது விபத்து என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும்?"

யோகன் அந்த நால்வரில் ஒருவரான சிவத்தைக் காட்டுகிறார். சிவம் யோகனைக் காட்டுகிறார்.

"உங்களோடு வராத ஒருவர் வேண்டும். இந்த நாட்டில் இருப்பவர்."

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஊரில் சண்டை, தாய் தகப்பனுக்குப் போனும் தந்தியும் நின்றுபோய் நாளாகிறது. இங்கே இவர்களுக்கு இவர்களைத் தவிர யாருமே இல்லை.

"ஒருவர்கூட இல்லையா?" அவள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள்.

யோகன் தொப்பியைக் கழற்றிச் சிவத்தின் தலையில் வைக்கிறார்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் இங்கை நிக்கிறன்."

"என்ன அண்ணை, விசர்க் கதை?" என்கிறார் சிவம்.

"ஒராள் நிக்கத்தானே வேணும். எல்லாரும் என்ரை பேரைக் குடுங்கோ."