அவர் கையிலே யார் பேர்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மிச்சம் இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவர்களும் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏழு பேருக்கும் சிரங்கு, கட்டி, முள் குத்தினது, நாய் கடித்தது என்று வராத புண் இல்லை. எல்லாவற்றையும் ஆற்றினேன். ஆனாலும் என்னைப் பாடாய்ப் படுத்தின புண் பிள்ளைகளுடையது அல்ல. என் வீட்டுக்காரர் குத்திக்கொண்டு வந்த பச்சை அது.

அப்போது நாங்கள் ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டின ஊரில் இருந்தோம். அவருக்கு ரயில் பாதையில் கேங்கு வேலை. ஜல்லி தள்ளுவது, கட்டை மாற்றுவது, வெயிலோடு வெயிலாக நடப்பது. கல்யாணமாகி ஒரு வருஷம் திரும்பவில்லை, மூத்தவன் வயிற்றில் இருந்தான். தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போய்க் குளத்தில் வெல்லம் கரைப்பது என் மாமியாருக்கு வழக்கம். பிள்ளைத்தாச்சி கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்று அந்த வருஷம் என்னை விட்டுவிட்டு அம்மாவும் மகனும் மட்டும் போனார்கள்.

திரும்பி வரும்போது அவர் இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“இன்னாய்யா கையில?”

“ஒண்ணுமில்ல மே. பச்ச.”

துண்டைப் பிரித்தேன். முழங்கைக்குக் கீழே பணியாரம் மாதிரி வீங்கிக் கிடந்தது. சாமி இல்லை, தேள் இல்லை, பூ இல்லை. வரிசையாக எழுத்து. எனக்கோ அப்போது ஒரு எழுத்தும் தெரியாது.

“யாரு பேருய்யா?”

“ஆறட்டும். தானா தெரியும்.”

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். என் மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, யாரும் கேட்காமல், “நான் வெல்லம் கரைச்சிட்டுத் திரும்பிப் பாக்கறேன், ஆளக் காணோம். அப்புறம் பாத்தா எங்க அண்ணன் குடும்பத்தோட நின்னு சிரிச்சிக்கினு கீறான். பொண்ணு கூட வந்திருந்துச்சி. நல்லா வளந்துட்டா” என்றார்.

அந்தப் பெண் யாரென்று சொல்ல வேண்டும். பள்ளிப்பட்டுப் பக்கத்து மாமன் மகள். அவளைத்தான் முதலில் இவருக்குப் பேசினார்கள். ஏதோ வாய்த் தகராறில் அது நின்றுபோய்த்தான் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் வந்து சேர்ந்த பிறகும் ரசம் வைத்தால் “எங்க அண்ணன் மவ வெக்கிற மாதிரி வராது” என்பார் என் மாமியார். இப்போது கையிலே ஒரு பேர். யார் பேர்?

என்னுடையது என்றால் சொல்லியிருக்க மாட்டாரா? வாய் நிறையச் சொல்லி, தெருவெல்லாம் காட்டியிருப்பாரே. சொல்லவில்லை என்றால் அவள் பேர்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காக மட்டும் தின்றேன். அதையும் நிறையத் தின்றேன்.

இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. பச்சையைச் சரியாகப் பார்க்காவிட்டால் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்தால் எழுத்து கலைந்துபோகும். அவள் பேராக இருந்தால் கலையட்டும், நன்றாகக் கலையட்டும். என் பேராக இருந்தால் ஒரு புள்ளிகூடப் போகக் கூடாது. எது என்று தெரிய வேண்டுமானால் படிக்க வேண்டும். படிக்க வேண்டுமானால் வீக்கம் வடிந்து, பொருக்கு உதிர்ந்து, தோல் தெளிய வேண்டும். ஆகவே எவள் பேராக இருந்தாலும் முதலில் நான்தான் அதை ஆற்றியாக வேண்டும். இப்படி ஒரு பொல்லாத வேலை எந்தப் பெண்ணுக்காவது வந்திருக்குமா?

எனக்கு இந்த வைத்தியம் தெரியும். என் கையிலே சின்ன வயசில் குத்தின கோலம் இருக்கிறது. குத்தும்போது நான் வாயைத் திறக்கவில்லை, பக்கத்தில் இருந்த என் அம்மாதான் அழுதாள். இவரோ ஜல்லி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிற மனுஷர். நான் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாலே “ஐயோ, ஐயோ” என்று கூரையைப் பார்ப்பார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், தண்ணீர் விட்டு, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்துப் போடுவேன். அவரோடு பேச்சு வார்த்தை கிடையாது. கையோடு மட்டும் பேசுவேன்.

“இன்னா கண்ணு, இன்னிக்கி வலிக்குதா?” என்று கையைத்தான் கேட்பேன்.

“வலிக்குது மே” என்பார் அவர்.

“உன்ன யாருய்யா கேட்டா?”

“கையிக்கு மட்டுந்தான் கொஞ்சலா? கையோட சேந்த ஆளு ஒருத்தன் கீறான், அவனுக்குக் கொஞ்சம் சோறு போடு.”

அடுத்த பேஜாரு, அரிப்பு. ஆறத் தொடங்கினால் அரிக்கும். நகம் படக் கூடாது, மேலே தட்டிக்கொள்ளத்தான் வேண்டும். சொன்னால் கேட்பாரா? எருமை மாதிரி கதவு நிலையிலே போய்த் தேய்ப்பார். பிளேடு எடுத்து வலது கை நகத்தையெல்லாம் சதை ஒட்ட நறுக்கிவிட்டேன். வேலையில் ஆணி பொறுக்க வரவில்லை என்று கத்தினார். கருவாடு, கத்திரிக்காய் இரண்டையும் நிறுத்தினேன். அதற்கு இன்னும் கத்தினார். ஒரு நாள் சாயங்காலம் துணியைப் பிரித்தால் கை செக்கச்செவேல் என்று தடித்திருந்தது.

“கருவாடு துன்னியா?”

“இல்ல மே. மெய்யாலும் இல்ல.”

“வாய் பொய் சொல்லும்யா. கை சொல்லாது.”

தலையைக் குனிந்துகொண்டார். கூட வேலை செய்கிறவர் தூக்குச்சட்டியிலிருந்து ரெண்டே துண்டாம். வாசனை பிடித்ததோடு நிறுத்த முடியவில்லையாம்.

என் மாமியார் சும்மா இருப்பாரா? “அடுப்புச் சாம்பல அள்ளிப் போடுடி. எங்க அண்ணன் ஊட்ல எந்தப் புண்ணுக்கும் அதான்” என்று கொட்டாங்கச்சியோடு வந்தார். நான் கையை மறித்துக்கொண்டு நின்றேன்.

“உங்க அண்ணன் ஊட்டுச் சாம்பல் உங்க அண்ணன் ஊட்லயே இருக்கட்டும் அத்த.”

“ஏண்டி, என் புள்ள கையிடி அது!”

“கை உங்களுது. புண்ணு என்னுது.”

மாமியார் அந்தச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கக் கொண்டுபோனார்.

பிறகு பொருக்கு கிளம்பியது. ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்து, உள்ளே பச்சை தெரிந்தது. எழுத்து தலையைக் காட்டிவிட்டது! யாரிடம் காட்டிப் படிப்பது? அவர் வெளியே போனால் துணியைச் சுற்றிக்கொண்டுதான் போவார். எழுத்துத் தெரிந்தவர் யாரையாவது வீட்டுக்கு அழைத்து, என் புருஷன் கையிலே யார் பேர் இருக்கிறது பாருங்கள் என்றால், சாயங்காலத்துக்குள் ஊரே சிரிக்கும். அந்த அவமானத்துக்கு நான் பிறக்கவில்லை.

எனக்குப் படிக்க வராது. ஆனால் எந்தக் கோலத்தையும் ஒரு தரம் பார்த்தால் போட்டுவிடுவேன்; எந்தப் பண்டிகைக்கும் என் வாசலைப் பார்த்துப் போகிறவர்கள் உண்டு. எழுத்தும் கோலம்தானே? வளைவு, சுழி, கால், புள்ளி. காலையில் எண்ணெய் போடும்போது நன்றாகப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டேன். அவர் வேலைக்குப் போனதும் வாசலைத் தெளித்து, அரிசி மாவில் அப்படியே போட்டேன். எங்கள் தெருவுக்குக் கடிதம் வருவது அபூர்வம். ஆனால் அடுத்த ஊருக்குப் போகிற தபால்காரர் எங்கள் வாசல் வழியாகத்தான் சைக்கிளில் போவார். வெளியூர்க்காரர், எங்கள் வீட்டுச் சமாசாரம் எதுவும் தெரியாது. தினம் பேர் படிக்கிற மனுஷர், இதைப் பார்த்ததும் வாய் விட்டுப் படிப்பார் என்பது என் கணக்கு. கதவுக்குப் பின்னால் நின்றேன்.

தபால்காரருக்கு முன்னால் கோழி வந்துவிட்டது. அரிசி மாவாயிற்றே! முதல் எழுத்தைக் கொத்தித் தின்றுவிட்டு அடுத்ததில் கால் வைத்தது. நான் விளக்குமாற்றோடு ஓடினதில் மீதியும் போயிற்று.

அதற்கப்புறம் கோலப்பொடியில் போட்டேன். பாதிப் பொருக்கு இன்னும் உதிரவில்லை, ஆகவே பாதி எழுத்துத்தான். தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார், காலை ஊன்றினார், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

“யாரும்மா ஊட்ல? இன்னா இது, எழுத ஆரம்பிச்சிட்டுப் பாதியில எழுந்து பூட்டீங்களா?”

“ஏன் சார், படிக்க முடியலியா?”

“பாதிக் கொழந்தயப் பெத்துட்டுப் பேரு கேட்டா இன்னாம்மா சொல்றது? முழுசாப் போடுங்க.”

முழுசாக உதிரும்வரை எனக்கு எப்படிப் பொழுது போயிற்று என்று கேட்காதீர்கள். பொருக்கைப் பிய்க்கக் கை துறுதுறுக்கும். பிய்த்தால் அந்த இடம் வெளுத்துவிடும். அவரை அடக்குவது ஒரு பக்கம், என்னை அடக்குவது ஒரு பக்கம்.

ஒரு நாள் காலையில் துணியைப் பிரித்தால் கை சுத்தமாக இருந்தது. பளிச்சென்று பச்சை. ஒரு புள்ளி கலையவில்லை, ஒரு கால் சாயவில்லை. பச்சை குத்தினவளே பார்த்தாலும் மெச்சி என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவர் அந்தப் பக்கம் போனதும் தெருவை அடைத்துப் போட்டேன், ஒவ்வொரு எழுத்தும் முறம் அளவுக்கு. களை எடுக்கப் போகிற பெண்கள் நின்றார்கள். தயிர்க்காரி கூடையோடு வந்து சரியாக நடு எழுத்தில் நின்றாள். ஒரு ஆடு குறுக்கே போயிற்று. தபால்காரர் வந்தார்.

“ஆங்! இப்போ பேஷாக் கீது” என்று சொல்லி, உரக்கப் படித்தார்.

என் வீட்டுக்காரர் பேர்.

அவருடைய சொந்தப் பேர். அவள் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. களை எடுக்கப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு கிளம்பியது.

“யாரும்மா இவரு?” என்றார் தபால்காரர்.

நான் என்ன சொல்வேன்? அந்தக் காலத்தில் கட்டினவன் பேரை வாயால் சொல்லலாமா? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். தயிர்க்காரிதான் “அவங்க ஊட்டுக்காரரு சார்” என்றாள். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாள். தான் நிற்கிற இடம் தெரிந்ததும் ஒரே தாவாகத் தாவினாள், தயிர் சிந்தினது.

என் மாமியார் வெளியே வந்தார்.

“அடிப்பாவி! கட்டனவன் பேர நடுத்தெருவுல போட்டு ஆடு மாடு மிதிக்க வெச்சிட்டியே! வாயால சொல்ல மாட்டா, காலால மிதிப்பாளாம்!”

குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றினார். பேர் வழிந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போயிற்று.

சாயங்காலம் அவர் வருவதற்குள் சேதி தண்டவாளம் வரைக்கும் போயிருந்தது. உள்ளே நுழையும்போதே சிரிப்பும் கோபமும் கலந்த முகம்.

“இன்னா மே, என்னத் தெருவுல பரப்பிட்டியாம்?”

“தன் பேரத் தானே குத்திக்கிற ஆம்பளைய எங்கியாவது பாத்திருக்கியா நீ? உன் பேரு உனக்கு மறந்து பூடுமா?”

உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தலைப்பாகையைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மார்கழியில் ஓடுகிற ரயிலிலிருந்து ஒருவன் விழுந்துவிட்டானாம். இவர்கள்தான் தூக்கினார்களாம். சட்டைப் பையில் ஒன்றுமில்லை. யார், எந்த ஊர், பெண்டாட்டி பிள்ளை உண்டா, எதுவும் தெரியவில்லை. தேடிக்கொண்டு ஒருவரும் வராமல் புதைத்துவிட்டார்கள்.

“நானும் நாளெல்லாம் அந்த லைன்லதான் நிக்கிறேன். எதுனா ஆச்சின்னா, இன்னாருன்னு தெரியாம பூடக் கூடாது இல்ல? வயித்துப் புள்ளக்காரிகிட்ட இத்தப் போய் எப்டி மே சொல்றது?”

“மொதல்ல வாயக் கழுவு” என்றேன். கழுவிவிட்டு வந்தார். அதற்குள் எனக்கு ஒன்று தோன்றியது.

“ஏய்யா, வெறும் பேரு போட்டா ஆச்சா? இந்தப் பேருல இந்த லைன்ல எத்தினி பேரு கீறான்? எந்த ஊருன்னு கொண்டாருவான்? எந்த ஊட்ல எறக்குவான்? நேரா பள்ளிப்பட்டுல கொண்டு போய் எறக்கிட்டான்னா?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“அப்போ இன்னா போடணும்ன்ற?”

“ஊரு போடு. அப்புறம் இன்னாரு புருஷன்னு என் பேரு போடு.”

“ஆம்பள கையில பொண்டாட்டி பேரப் போட்டு, அவ புருஷன்னா, கேங்குல சிரிப்பானுங்க மே.”

“சிரிக்கட்டும். இன்னொரு கை சும்மாத்தான கீது?”

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: “பெத்தவ பேருக்கு எடமில்லியா?”

“காலு பாக்கி கீதும்மா!” என்றார் அவர்.

அடுத்த அமாவாசைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் யாரும் இடிக்காமல் என் முன்னால் நடந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க, வலது கையில் என் பேரையும் ஊரையும் குத்திக்கொண்டார். மறுபடியும் மஞ்சள், விளக்கெண்ணெய், வேட்டித் துணி. மறுபடியும் கருவாடு இல்லாத சாப்பாடு, கத்தல். இந்தத் தடவை கையோடும் பேசினேன், ஆளோடும் பேசினேன். இது என் முதல் எழுத்து, இது இரண்டாவது என்று பொருக்கு உதிர உதிர அவர் சொல்லிக் கொடுத்தார். என் பேரை நான் எழுதக் கற்றது அப்படித்தான். மற்ற எழுத்தெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வந்தது.

கடைசிவரை அந்தக் கைகளைப் படித்து அவரை வீடு சேர்க்கிற வேலை யாருக்கும் வரவில்லை. தினமும் தானே நடந்து வந்தார். பிறகு ஓய்வு பெற்று, வயசாகி, இந்த வீட்டிலேயே என் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். தோல் சுருங்கிப் பேர் மடிந்திருந்ததே தவிர, பச்சை மங்கவில்லை. அது என் கை வைத்தியம்.

அவர் பேரை இந்த நோட்டில் எங்கேயும் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை.

பேத்தி வந்துவிட்டாள். இந்தா கண்ணு, கண்ணாடியப் போட்டுக்கினு இத்த ஒரு தபா சத்தமாப் படி. மெதுவாப் படி. தப்பு இருந்தா மனசுக்குள்ள திருத்திக்க, வாய் விட்டுத் திருத்தாத.