கீழ்பென்னாத்தூர் பஸ் வரும் வரை

எங்கள் பெரிய டீச்சருக்கு என்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்று கடைசி வரை எனக்குத் தெரியாது. பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. எழுபதுகளில் திருவண்ணாமலையில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கு அவர்தான் எல்லாம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கஞ்சி போட்ட நூல் புடவை, கையில் குடை, முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. படித்து முடிக்கும் வரை என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

கீழ்பென்னாத்தூரில் எங்களுக்கு மல்லாட்டைப் பயிர்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அக்காவின் படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. அழுது ரகளை செய்து, சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டுதான் நான் டவுனுக்குப் படிக்கப் போனேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என்னிக்காவது ஒரு நாள் லேட்டுனு கேட்டுக்கு வெளிய நிக்க வச்சாங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கோட படிப்பு முடிஞ்சுது. வயசுப் பொண்ணு ரோட்டுல நின்னுச்சுனு எவனும் எங்கிட்ட வந்து சொல்லக்கூடாது."

அவர் சொன்னால் செய்கிற மனுஷர். பஸ் தாமதமாக வந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று யோசிக்கிற மனுஷர் இல்லை.

பஸ்ஸோ தினமும் தாமதம்தான். டவுனுக்குள் நுழைவதற்கு முன் ரயில்வே கேட் ஒன்று இருந்தது. சரக்கு வண்டி வருகிறது என்று சாத்தினால், ஆடி அசைந்து அது போய் முடிகிற வரைக்கும் நிற்க வேண்டும். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அந்த ரயிலைத் திட்டாத திட்டு இல்லை. பள்ளியில் இரண்டாம் மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வெளியே நிற்கிறவர்கள் அப்படியே வீடு திரும்ப வேண்டியதுதான். அந்த விதியைப் பெரிய டீச்சர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

ஆனால் மணியை அடிக்க விட மாட்டார். கேட்டருகே குடையை ஊன்றிக்கொண்டு தெருமுனையையே பார்த்தபடி நிற்பார். பக்கத்தில் பியூன் மரச்சுத்தியோடு காத்திருப்பார். எங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய கடைசிப் பெண் உள்ளே வந்த பிறகுதான் தலையசைப்பார். அதுவரை டவுன் பெண்கள் வெயிலில் வரிசையாக நின்று புழுங்குவார்கள்.

"மகாராணிங்க வந்தாச்சு, இனிமே மணி அடிக்கலாம்" என்று ஒருத்தி தினமும் சொல்வாள். அவள் வாயை மூட ஒரு நாள் பின்னலைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

தாமதமாக வந்தவர்களை உள்ளே விட்டால் லேட் என்று பெயராகிவிடும். மணியே அடிக்காவிட்டால் யாரும் லேட் இல்லை. எங்கள் ஊரிலிருந்து எனக்கு முன்னால் படிக்க வந்த ஒருத்தி, ஒரு நாள் கேட்டுக்கு வெளியே நின்றதோடு அடுத்த மாதமே கல்யாணமாகிப் போனாளாம். அதற்குப் பின் ஏற்பட்ட வழக்கம் இது என்று பியூன் சொன்னார்.

ஒருமுறை ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்றும் ரயில்வே கேட்டைச் சாத்தியிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி ஓடி வந்தேன். மூச்சிரைக்க நான் உள்ளே நுழைந்தபோது அவர் பெரிய டீச்சரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்காகவா ஸ்கூல் நடத்துறீங்க?"

"பஸ்ஸுல வர்ற பொண்ணுங்களுக்காக நடத்துறேன் சார்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "எதுக்கு இப்படி ஓடி வர்ற? கீழ விழுந்து பல்லை ஒடச்சிக்கவா? நீ வராம மணி அடிக்காது" என்று கடிந்துகொண்டார். மேலிடத்திலிருந்து அவருக்கு மெமோ வந்தது. மறுநாளும் மணி எங்களுக்காகக் காத்திருந்தது.

நான் படித்து, பயிற்சி முடித்து, எங்கள் ஊரிலேயே டீச்சரானேன். எண்பதுகளில் ஒரு நாள் காலை, பள்ளிக்குப் போகிற வழியில் பஸ் கண்டக்டர் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க பெரிய டீச்சர் தவறிட்டாங்களாம்மா. மத்தியானம் எடுக்கறாங்களாம்."

லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக்கூடாது. வீட்டில் பார்த்தால்தான் உண்டு.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. படுபாவி ரயில். இறங்கி ஓடினேன். அவர் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் செவ்வந்தி இதழும் பொரியும் மண்ணில் கிடந்தன. தூரத்தில் மேளச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலெல்லாம் ஈரம். எங்கள் பழைய பியூன் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தார், கூடப் போக முடியவில்லை.

"டீச்சரோட அண்ணன் புள்ளைங்க ராகு காலம் வந்துடும்னு அவசரப்பட்டாங்கம்மா. கீழ்பென்னாத்தூர் பஸ் வரட்டும், அப்புறம் எடுக்கலாம்னேன். யாரு வரணும், பொண்ணா, தங்கச்சியானு கேட்டாங்க. யாருனு நான் சொல்லுவேன்? பஸ்ஸுல வருவாங்கன்னேன். கேக்கலையே."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்ற பெண் என்றால் எத்தனை நாழிகை ஆனாலும் காத்திருப்பார்கள். நான் யார்? ஒரு பள்ளிக்கூடத்தையே எனக்காக நிறுத்தி வைத்தவருக்கு, ஒரு ரயில் கடக்கிற நேரம் கொடுக்க ஆளில்லாமல் போயிற்றே. படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பஸ்ஸில் வந்து படித்த பெண்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை, ஒருத்தி கையில் மாலை. ரயில் போய் இப்போதுதான் கேட்டைத் திறந்திருக்கிறார்கள்.

பியூன் எழுந்து நின்றார். "ஓடாதீங்கம்மா" என்றார்.